தனிநாயகம் அடிகளாரின் பயணங்களும் வன்னியின் ஏடுகளும்

வண. சேவியர் தனிநாயகம் அடிகளாரைத் ‘தமிழ்த் தூதர்’ என அழைப்பது நம்மிடையே வழக்காகிவிட்டது. அவ்வழக்கிற் பிழையில்லை; ஆயினும் அது அவர்தம் பணியின் ஒரு பாதியையே உணர்த்துகின்றது. தூதர் என்பார் தம் நாட்டுச் செய்தியைப் பிறநாட்டிற் சேர்ப்பவர். அடிகளாரோ சென்ற இடமெல்லாம் தேடியவர். தேடிக் கண்டவற்றைத் தாய்நிலத்து மாணவர்க்குக் கொண்டுவந்து சேர்த்தவர். அவருடைய பயணங்கள் ஓர் ஆசிரியரின் பயணங்கள். ஏடுகளைப் போரிலே பறிகொடுத்து நிற்கும் வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றை எழுத முற்படும் இன்றைய மாணவர், அடிகளாரை இவ்வகையிலேயே முதற்கண் அறிந்துகொள்ளல் வேண்டும் என்பது என் கருத்து.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் ஊர்காவற்றுறைக் கரம்பொன்னிற் பிறந்தார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலும் பின்னர் கொழும்புக் குருமடத்திலும் பயின்று, 1934இல் உரோமாபுரி சென்று, 1938இற் குருப்பட்டம் பெற்றார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்து மீண்ட அவ்விளைஞர் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கியது அதன் பின்னரேயாம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்திற் புனித தெரேசா பள்ளியில் 1940 முதல் ஐந்தாண்டுகள் பணியாற்றியபோது, அவர் பிள்ளைகளுக்கு ஆசிரியராகவும் பண்டிதர் ஒருவர்க்கு மாணவராகவும் ஒருங்கே விளங்கினார். அடுத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்து, பண்டைத் தமிழ்ச் செய்யுளிற் பயிலும் இயற்கையைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றார். முப்பதை அணுகிய வயதிலே கற்றமையால் தமிழ் அவருக்கு வழிவந்த சொத்தாக அமையவில்லை. வருந்தித் தேடிய பொருளாயிற்று. அத்தேட்டத்தின் சுவடு அவர் எழுத்தெங்கும் காணப்படும். ‘நம் மொழி தொன்மையானது’ என்று முழங்கிவிட்டு அமைவது அவர் இயல்பன்று. எந்நூல், எந்நாட்டு நூலகத்தில், எந்நிலையில் உள்ளது என்பதையே அவர் முதலிற் கேட்பார்.

1952 முதல் 1961 வரை அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார் என்பது பலரும் அறிந்ததே. தமிழ்த் துறையிலன்றிக் கல்வித் துறையிலேயே அவர் விரிவுரையாளராயிருந்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இலண்டனில் அவர் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளும் பண்டைத் தமிழிலக்கியத்துக் கல்விச் சிந்தனையே. ஆசிரியர்க்கு ஆசிரியராக அமர்ந்த இக்காலத்திலேயே ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழை நடத்தினார். தமிழாராய்ச்சிக்கு ஆங்கில இதழ் எதற்கு என்பார்க்கு அவ்விதழின் பக்கங்களே விடையளிக்கும். தமிழறியாத ஆய்வாளரும் தமிழறிஞரும் ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுத்து எழுதுதற்கு அங்கே ஒரு பொதுக்களம் அமைந்தது.

அவருடைய பயண நூல்களான ‘தமிழ்த்தூது’, ‘ஒன்றே உலகம்’ ஆகியவற்றைப் படிப்போர் நாடுகளின் வனப்பைக் கண்டு மகிழலாம். ஆய்வு மாணவர் அவற்றிற் காணவேண்டியது வேறொன்று. தாய்லாந்து அரசவைப் பிராமணர் தம் சடங்கில் ஓதிவந்த பாடல்களிலே திருவெம்பாவை கலந்துள்ளமையை அவர் எடுத்துக்காட்டினார். ஓதுவார்க்கே அதன் பொருள் விளங்காது, ஒலியும் திரிந்துவிட்டது. தாயகத்தார் அறியாமலே ஒரு நூல் கடலுக்கு அப்பால் உயிர்வாழக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இதனினும் சிறந்த சான்று 1954இல் ஐரோப்பிய நூலகங்களில் அவர் மேற்கொண்ட தேடலாகும். அதற்குச் சரியாக நானூறு ஆண்டுகளுக்கு முன், 1554இல், லிஸ்பன் நகரிலே தமிழ்ச் சமய வினாவிடை நூலொன்று அச்சிடப்பட்டிருந்தது. மொழி தமிழ், எழுத்து உரோமன், உடன் போர்த்துக்கேயமும் உண்டு. இந்நூலைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தோருள் அடிகளார் முதன்மையானவர். முத்துக்குளித்துறையிற் பணிபுரிந்த அண்டிரிக் அடிகள் எழுதி 1586இல் தமிழெழுத்தில் அச்சான அடியார் வரலாற்று நூலை அவர் வத்திக்கான் நூலகத்திற் கண்டார். அந்நூலகத்திலேயே அந்தாவ் தெ புரோயென்சா என்னும் துறவி தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதியையும் கண்டார். அது கேரளத்து அம்பலக்காட்டில் 1679இல் அச்சானது. புரோயென்சா 1666இலேயே இறந்தமையால், தம் உழைப்பு அச்சேறியதை அவர் காணவில்லை. அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியல் துறைத் தலைவராயிருந்தபோது, 1966இற் கோலாலம்பூரில் அவ்வகராதியை மூலப்படியின் நிழலுருவாகவே வெளியிட்டார். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வாழும் மாணவன் உரோமாபுரிக்குச் செல்லாமலே பதினேழாம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழை ஆராய வழி பிறந்தது. ஓர் ஆசிரியர் பயணத்திலிருந்து மீளும்போது கொண்டுவரத்தக்க பரிசில் இதனினும் வேறு யாது?

1964 சனவரியிற் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியதும், 1966இற் கோலாலம்பூரிலும் 1968இற் சென்னையிலும் 1970இற் பாரிசிலும் மாநாடுகள் நடந்ததும் விரிவாக எழுதப்பட்டுவிட்டன. 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காம் மாநாட்டின் இறுதியில், பொலிசார் கூட்டத்தினுட் புகுந்ததைத் தொடர்ந்து ஒன்பது உயிர்கள் பலியாயின. அத்துயரம் மாநாட்டின் ஆய்வரங்குகளை நம் நினைவிலிருந்து மறைத்துவிட்டது, அது இயல்பே. ஆயினும் பிற்கால மாநாடுகள் ஊர்வலங்களாகவும் அலங்கார வளைவுகளாகவும் பெருகியமைக்கு அத்தகைய காரணம் எதுவும் இல்லை. அடிகளார் 1980 செப்டெம்பர் 1ஆம் நாள் மறைந்தார். துறவியாதலின் அவருக்கு மக்கட்பேறு இல்லை. கத்தோலிக்கர் குருவைத் தந்தை என்பர். கல்வித் துறையிலே அச்சொல் அவர்க்கு உபசாரமாகாது.

இனி, வன்னியை நோக்குவோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்காலை அடைந்தபோது, முதலில் உயிரையும் பின்னர் பிள்ளைகளையும் தவிர மற்றெல்லாவற்றையும் வழியிற் போட்டனர். காணி உறுதி, பாடசாலை வரவுப் பதிவேடு, கோயிற் கணக்கு, பெட்டகத்து ஏட்டுச் சுவடி, கலியாணப் படம் ஆகியன பதுங்குகுழிகளிலும் வீதியோரங்களிலும் அழிந்தன. ஒரு பெருநிலத்தின் எழுத்துச் சான்று ஏறக்குறைய ஒரே பருவத்திற் கரைந்தது எனலாம். எனவே வன்னிக்கு இனி வரலாறு எழுதவியலாது என்று கையறு நிலையிற் பேசுவோரை நான் கண்டிருக்கின்றேன்.

இது பொருந்தாக் கூற்று. வையாபாடல் போன்ற உள்நாட்டு மரபு நூல்கள் அச்சில் உள்ளன. லூயிஸ் என்னும் பிரித்தானிய அதிகாரி தொகுத்த வன்னி மாவட்டக் கையேடு 1895இல் வெளிவந்தது. போர்த்துக்கேயர் கால இலங்கையைப் பற்றிக் குவேறோஸ் பாதிரியார் எழுதிய பெருநூலின் கையெழுத்துப்படி பேணப்பட்டிருந்த இடம் கொழும்புமன்று, கோவாவுமன்று. பிரேசில் நாட்டு இரியோ டி ஜெனீரோ ஆகும். யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதி சுவார்டகுரூன் 1697இல் விட்டுச்சென்ற நினைவுக் குறிப்பிலே, வன்னியர் செலுத்தவேண்டிய யானைத் திறையும் அதன் நிலுவையும் பேசப்படுகின்றன. 1803இல் முல்லைத்தீவைத் தாக்கிய பண்டாரவன்னியன், அவ்வாண்டு ஒக்டோபர் 31இற் கற்சிலைமடுவிலே தோல்வியுற்ற செய்தி பிரித்தானியர் பக்கத்து எழுத்துகளாலேயே தெரியவருகின்றது. பகைவன் தன் மேலதிகாரிக்கு எழுதியதே நம் வீரனுக்குச் சான்றாயிற்று! அதனை அப்படியே நம்பலாகாது. நம்பாமலும் அதனைப் படித்தாகவேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே உண்டு. இங்கே வன்னியின் வரலாற்றை எழுதப் புகும் மாணவனுக்கு இரு திசைகளிலும் வேலை இருக்கின்றது. ஒட்டுசுட்டானிலும் பனங்காமத்திலும் முதியோரிடம் குளங்களின் பெயரையும் வயற்காணியின் எல்லையையும் கேட்டு எழுதுதல் ஒன்று. ஒல்லாந்த மொழியையும் போர்த்துக்கேயத்தையும் பயிலுதல் மற்றொன்று. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடுகள் கொழும்புச் சுவடிகள் திணைக்களத்திலும் ஹேக் நகரச் சுவடிகள் நிலையத்திலும் உள்ளன. முதியோரோ ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்; எனவே முதலிற் பனங்காமம், பின்னரே ஹேக்.