புதிய குடியரசுகளில் இஸ்லாமும் பிற சமயங்களும்

தங்கவயலில் மசூதி, மாதா கோயில், மாரியம்மன் கோயில் எல்லாம் உண்டு. அக்கம்பக்கத்து ஒற்றுமை வேறு, சட்டம் தரும் உறுதி வேறு.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 23-ஆம் நாள் சென்னை முகம்மது இஸ்மாயில் சாகிப் (காயிதே மில்லத்) ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பொது சிவில் சட்டம் வந்தாலும், தனக்கென்று தனிச்சட்டம் உள்ள எந்தச் சமூகத்தையும் அதைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே அது. ‘முஸ்லிம்’ என்று மட்டும் சொல்லாமல் ‘எந்தச் சமூகமும்’ என்றது கவனிக்கத்தக்கது. சபை அதை ஏற்கவில்லை. ஆயினும் டாக்டர் அம்பேத்கர், அச்சட்டத்தை ஆரம்பத்தில் விரும்புகிறவர்களுக்கு மட்டும் என்று வைக்கலாம் என்றார்.

எங்கள் சமணர் கதையைப் பாருங்கள். 1955-இன் இந்துத் திருமணச் சட்டத்துக்குள் எங்களையும் சேர்த்தாச்சு. மத்திய அரசு எங்களைச் சிறுபான்மை என அறிவித்தது 2014-இல்தான்.

இந்தோனேசியாவில் முஸ்லிம்களே பெரும்பான்மையோர். முஸ்லிம்கள் ஷரீஅத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற வாசகத்தை 1945 ஆகஸ்ட் 18 அன்று முகவுரையிலிருந்து நீக்கினார்கள். 1998-இல் சுகார்த்தோ பதவி விலகி ஜனநாயகம் திரும்பியதும், அதை மறுபடி சேர்க்கச் சில கட்சிகள் முயன்றன. நஹ்தலத்துல் உலமா, முகம்மதியா ஆகிய பெரிய முஸ்லிம் அமைப்புகளே ஆதரிக்கவில்லை. 2002-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இங்கே சிறுபான்மை வாய்திறந்து கேட்டது. அங்கே பெரும்பான்மை தன்னைத் தானே அடக்கிக்கொண்டது. குடியரசுக்கு இரண்டும் வேண்டும். வெறும் தலை எண்ணிக்கை என்றால் எங்க ஆட்கள் எந்தத் தொகுதியிலும் தேறமாட்டோம்.