பெட்டிக்குள் இருந்த நூல்

யாரும் விலையின்றிப் பெறக்கூடிய ஒரு பொருளைப் பெட்டியில் அடைத்து, விலை குறித்துக் கடையில் வைத்தால், வாங்குவோர் உளரோ என்று நேயர்கள் வினவலாம். 1990களின் பிற்பகுதியில் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் இருந்த கணினிக் கடைகளில் அத்தகைய விற்பனை நடைபெற்றது, வாங்கியவரும் பலர். லினக்ஸ் என்னும் இயக்குதளமே அப்பொருள். பெட்டியைக் கையில் எடுத்தவர் அதன் கனத்தை உணர்ந்தார். அக்கனம் இறுவட்டுக்களால் ஏற்பட்டதன்று. அவற்றோடு கூட வைத்திருந்த அச்சுநூலால் ஏற்பட்டது.

பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லைனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், 1991 ஓகஸ்ட் 25ஆம் நாள், தாம் பொழுதுபோக்காக ஓர் இயக்குதளத்தை ஆக்கிவருவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டில் அது குனூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், விற்கவுஞ் செய்யலாம். திருத்தி வழங்குவோர் மூலநிரலை மறைத்தல் ஆகாது என்பதே அவ்வுரிமத்தின் சாரம். ஆனால் டோர்வால்ட்ஸ் ஆக்கியது உட்கரு மாத்திரமே. ஏனைய கருவிகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து வழங்க வேறு சிலர் முன்வந்தனர். 1993 யூலையில் பற்றிக் வொல்கர்டிங் வெளியிட்ட ஸ்லக்வெயர் 24 நெகிழ்வட்டுக்களில் அடங்கியது. அவற்றுள் ஒன்று பழுதானாலும் வேலை நடுவழியில் நின்றது.

இறுவட்டு வந்தபின் இத்தொல்லை நீங்கியது. ஓர் இறுவட்டு ஏறக்குறைய 650 மெகாபைற்று கொள்ளும். அத்தனையையும் அக்காலத்து 28.8 கிலோபிற்று மொடெம் வழியாக இறக்குவதானால், தொலைபேசி இணைப்பு 50 மணி நேரம் அறாது நிற்றல் வேண்டும். உள்ளூர் அழைப்புக்கும் நேரக்கணக்கில் கட்டணம் அறவிட்ட ஜேர்மனியில் இது யாருக்குக் கட்டுப்படியாகும்? இலவசம் என்ற சொல்லுக்கு அங்கே அதிக பொருளிருக்கவில்லை.

1992இல் அந்நாட்டில் நால்வர் தொடங்கிய சூசே நிறுவனம் இந்நிலையில் வளர்ந்தது. 1994இல் ஸ்லக்வெயரை ஜேர்மன் மொழியில் வழங்கிய அந்நிறுவனம், 1996இல் தன் சொந்த வழங்கலை வெளியிட்டு அதற்கு 4.2 என்று எண்ணிட்டது. டக்ளஸ் அடம்ஸின் நகைச்சுவைக் கதையில், உயிர், உலகம் முதலிய அனைத்தையும் பற்றிய பெருவினாவுக்கு விடை 42 என்று கூறப்படுவதே இவ்வெண்ணின் மூலம். விளையாட்டு எண்ணோடு நின்றது. பின்வந்த பெட்டிகளில் இருந்த நூலோ நானூறு, ஐந்நூறு பக்கங்களைத் தொட்டது. வன்வட்டை எவ்வாறு பகுப்பது என்பதிலிருந்து அச்சுப்பொறியை இணைப்பது வரை படிப்படியாக விளக்கியது.

கணினியில் நேர்ந்த இடருக்குக் கணினியிலேயே விடை தேடுவது இன்றைய வழக்கம். அன்று பலருடைய வீட்டில் இருந்தது ஒரே கணினி. அதுவும் எழும்ப மறுத்தால் யாரைக் கேட்பது? வன்வட்டிலிருந்து இயக்குதளத்தை எழுப்பும் சிறு நிரலுக்கு லைலோ என்று பெயர். அது தன் பணியின் படிகளுக்கேற்பத் தன் பெயரின் எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் திரையில் இடும். ஆங்கில எழுத்து நான்கும் தோன்றினால் எல்லாம் நலம். சிலவேளை கரிய திரையில் எல், ஐ என்னும் இரண்டெழுத்து மாத்திரம் தோன்றி நிற்கும். அதற்குமேல் இயந்திரம் ஒன்றும் பேசாது. அவ்விரண்டெழுத்தின் பொருள் நூலில் இருந்தது: முதற் பகுதி இரண்டாம் பகுதியை ஏற்றிவிட்டது, ஆனால் அதனை இயக்க இயலவில்லை, வன்வட்டின் அமைப்புப் பற்றிய கணக்கு மாறுபட்டிருக்கலாம். நூலைப் புரட்டியவர் குற்றம் எங்குள்ளதென்று அறிந்தார். அறிந்ததோடு, கணினி எவ்வாறு எழும்புகின்றது என்பதையுங் கற்றார். திரையின் அதிர்வெண்ணை மிகுத்துக் குறித்தால் திரையே பழுதாகக்கூடும் என்ற எச்சரிக்கையும் அந்நாளைய நூல்களில் உண்டு. அப்பகுதியை ஒருமுறை மாத்திரம் வாசித்துத் துணிந்தவர் சிலராகவே இருப்பர்.

அமெரிக்காவில் மார்க் யூவிங் 1994இல் வெளியிட்ட றெட் ஹற், அடுத்த ஆண்டு பொப் யங்கின் வணிகத்தோடு இணைந்தது. வீட்டிலே செய்யக்கூடிய தக்காளிச் சோஸையும் மக்கள் பெயர்பெற்ற நிறுவனத்தின் போத்தலிலேயே வாங்குகின்றனர்; தம் வணிகமும் அத்தகையதே என்பது யங்கின் வாதம். 50 டொலர் அளவில் அவர் விற்ற பெட்டியிலிருந்த இறுவட்டைப் பிறர் படியெடுத்துச் சில டொலருக்கு விற்றனர். உரிமம் அதற்கு இடந்தந்தது. இருந்தும் பெட்டி விலைபோயிற்று. யங்கின் உவமை அழகியது, ஆயினும் முழுமையானதன்று. சோஸ் போத்தலோடு நூல் வருவதில்லை. மலிவு வட்டுக்கும் பெட்டிக்கும் இடையிலிருந்த வேற்றுமை, நூலும், வாங்கியவருக்குக் குறித்த காலம்வரை கிடைத்த உதவியுமே.

இந்நூல்கள் குறையற்றவை அல்ல. சில மாதங்களில் புதிய பதிப்பு வந்துவிடும். பழைய நூலின் அறிவுரை புதிய வட்டுக்குப் பொருந்தாது. வாங்கியவர் மீண்டும் வாங்கினார்.

அகன்ற அலைவரிசை வீடுகளை அடைந்தபோது பெட்டிக்கு வேலை குறைந்தது. 2003இல் வெளிவந்த 9ஆம் பதிப்போடு றெட் ஹற் தன் கடைப்பெட்டிகளை நிறுத்திப் பெருநிறுவனங்களின்பால் திரும்பியது. சூசேயை நொவெல் நிறுவனம் 2004 தொடக்கத்தில் வாங்கி முடித்தது. 2004 ஒக்டோபரில் தோன்றிய உபுண்டு, கேட்டவர்க்கெல்லாம் பல ஆண்டுகள் தபாலில் வட்டு அனுப்பியது, பணம் பெறவில்லை. மெல்லிய காகித உறையில் வந்த அவ்வட்டோடு நூல் இல்லை. அவ்வழக்கமும் 2011இல் நின்றது. விளக்கங்கள் இணையத்திற்குச் சென்றன. வேண்டிய ஒருவரியைத் தேடி எடுத்துப் பயன்படுத்துவோர் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களைக் காண்பதில்லை.

றெட் ஹற்றின் நிறுவல் நூல்களில் ஒரு வெற்று அட்டவணை இருந்தது. வன்வட்டின் அளவு, நினைவகம், திரையின் மாதிரி, சுட்டியின் வகை ஆகியவற்றை வாசகர் தம் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். நிறுவும்போது அவ்வினாக்கள் வரும். இத்தகைய பழைய பிரதி ஒன்று இன்று கைக்குக் கிடைப்பவர், அந்தப் பக்கத்தை முதலிற் புரட்டிப் பார்க்கலாம். முன்னைய உடைமையாளர் பென்சிலால் இட்ட எண்கள் ஒருவேளை அங்கே இருக்கக்கூடும்.