ஐந்து வராகனும் ஐம்பது லட்சமும்

ஏற்காடு காபி எஸ்டேட் ஒன்றில் நீங்கள் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். ஆசையாக வாங்கின புது ஃபிரிட்ஜ், பத்தாம் நாளே மக்கர் பண்ணுகிறது. கடைக்காரர் 'பார்க்கலாம் சார்' என்கிறார்... பார்க்கவே இல்லை! இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் நுகர்வோர் கோர்ட்டில் ஒரு மனு கொடுத்தால் ஆச்சு. அதுவே பெரிய தொகை என்றால்? சென்னைக்கு ரயில் ஏற வேண்டும்! ஆக, வழக்குக்கான உச்சவரம்பு என்பது வெறும் ரூபாய்க் கணக்கு இல்லை, கிலோமீட்டர் கணக்கும்தான்.

சின்ன வழக்குக்குத் தனி கோர்ட் என்பது நம்ம மெட்ராஸுக்குப் புதுசில்லை. 1753-லேயே 'கோர்ட் ஆஃப் ரிக்வெஸ்ட்ஸ்' வந்துவிட்டது. வரம்பு ஐந்து வராகன். பிற்பாடு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கம்பெனி கணக்கு வைத்தது. அப்படிப் பார்த்தால் பதினேழரை ரூபாய்! 1882-ல் மெட்ராஸ் ஸ்மால் காஸ் கோர்ட்டுக்கு 2,000 ரூபாய் என்றார்கள். சேலம் மாதிரி வெளியூர்களுக்கு 1887-ல் தனிச் சட்டம். அதில் 500 ரூபாய்தான், அரசு மனசு வைத்தால் 1,000. அன்றைக்கு அது பெரிய பணம். ஆனால் ரூபாய் தேயத் தேய, அதே வரம்பு சோப்புக் கட்டி மாதிரி கரைந்துவிடும். கோர்ட் கதவைச் சாத்த யாரும் சிரமப்படவே வேண்டாம், வரம்பை உயர்த்தாமல் சும்மா இருந்தாலே போதும்!

1986 நுகர்வோர் சட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு லட்சம். அதைத் தாண்டினால் சென்னை, 10 லட்சத்தைத் தாண்டினால் நேரே டெல்லி! கேட்கிற நஷ்ட ஈட்டையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. 1993-ல் மாவட்ட வரம்பு 5 லட்சம், 2003-ல் 20 லட்சம். 2020 ஜூலையில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தபோது ஒரே தாவலாக ஒரு கோடி! நஷ்ட ஈடு கணக்கில் வராது, நீங்கள் கொடுத்த விலை மட்டும்தான். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்றும் ஆயிற்று. மலைவாசிகளுக்கு இதுதான் நிஜமான வரம்!

ஆனால் 2021 டிசம்பரில் அந்த ஒரு கோடியை 50 லட்சமாகக் குறைத்துவிட்டார்கள். காரணம்? மாவட்டங்களில் வழக்குகள் குவிகிறதாம். கூட்டம் அதிகம் என்று பஸ்ஸை நிறுத்தின கதை!

நம்ம ஃபிரிட்ஜுக்கு இதனால் பாதகமில்லை. ஆயுள் சேமிப்பைக் கொட்டி 60 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கி ஏமாந்தவருக்குத்தான் சென்னைப் பயணம். ஃபிரிட்ஜ்காரர் கவலைப்பட வேண்டாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்தானே?