பேட் கன்ட்ரோலர்

பேட் கன்ட்ரோலர் என்பது விரலாலோ குச்சியாலோ தட்டி, கணினியில் ஓடும் இசைப்பதிவு மென்பொருளை இயக்கும் கருவி. தட்டுவதற்கான ரப்பர் அல்லது சிலிக்கோன் சதுரங்கள் இதன் முகப்பில் வரிசையாக அமைந்திருக்கும். 4 வரிசையில் 16 சதுரங்கள், 8 வரிசையில் 64 சதுரங்கள் ஆகிய இரண்டும் பரவலான அமைப்புகள். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த ஒலி கிடையாது. எந்தப் பேட் தட்டப்பட்டது, எவ்வளவு வலுவாகத் தட்டப்பட்டது, விரல் எப்போது விலகியது என்பதை மட்டும் அவை கணினிக்குத் தெரிவிக்கின்றன. அந்தத் தட்டல் டிரம்மாகக் கேட்க வேண்டுமா, தபேலாவாகவா, பாடகியின் குரலாகவா என்பதை மென்பொருளில் அமைத்துக்கொள்ளலாம்.

இக்கருவியின் நாற்பது ஆண்டு வரலாறு முழுவதையும் ஒரு தேவைதான் நகர்த்தி வந்திருக்கிறது. இயந்திரம் வாசிக்கும் தாளம் பிசகாமல் இருந்தது; ஆனால் விரலின் அழுத்த வேறுபாடும், நொடியின் சிறு பின்னத்தில் முந்திப் பிந்தும் கைவாகும் அதில் இல்லை. அவற்றை இயந்திரத்துக்குள் கொண்டுசெல்லும் வாயிலாகப் பேட் உருவானது.

டிரம் மெஷின் காலம்

அமெரிக்கக் கிதார் கலைஞரான ரோஜர் லின் 1980-இல் எல்எம்-1 என்ற டிரம் மெஷினை வெளியிட்டார். உண்மையான டிரம் ஒலிகளை டிஜிட்டல் முறையில் பதிவு செய்து, அவற்றையே திரும்ப ஒலிக்கச் செய்த முதல் டிரம் மெஷின் அது. வாசிப்பவர் தாளத்தில் சற்றுத் தவறினால் அடியை அருகிலுள்ள சரியான இடத்துக்கு நகர்த்தும் வசதி அதில் இருந்தது. இன்று மென்பொருள்களில் குவாண்டைஸ் என்று அழைக்கப்படுவது அதுவே. அடிகளில் ஒன்றுவிட்டு ஒன்றைத் தாமதப்படுத்தி ஊசலாட்டம் தரும் ஸ்விங் வசதியும் அதில் இடம்பெற்றது. ஆனால் எல்எம்-1-இல் இருந்தவை சாதாரணப் பொத்தான்கள். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே ஒலிதான் வரும்.

1984-இல் வந்த லின் 9000 அந்தக் குறையைத் தீர்த்தது. தட்டும் வலுவை உணரும் 18 பேட்கள் அதில் இருந்தன. பேடை அழுத்திப் பிடித்தால் அடி தாளத்தோடு தானே திரும்பத் திரும்ப ஒலிக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் ஒலியும் கூடும். யோசனை சிறந்தது என்றாலும் கருவியில் கோளாறுகள் மிகுந்திருந்தன. லின் நிறுவனம் 1986-இல் மூடப்பட்டது.

எம்பிசி

ஜப்பானின் அகாய் நிறுவனம் ரோஜர் லின்னைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. இந்தக் கூட்டுமுயற்சியில் 1988-இல் எம்பிசி60 வெளிவந்தது. அகலமான 16 ரப்பர் பேட்கள், ஒலித்துண்டுகளைப் பதிவு செய்யும் சாம்பிளர், அவற்றை வரிசைப்படுத்தும் சீக்வென்சர் ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. 12 பிட் தரத்தில், நொடிக்கு 40,000 மாதிரிகள் என்ற வேகத்தில் அது ஒலியைப் பதிவு செய்தது. இருந்த நினைவகத்தில் சுமார் 13 நொடி ஒலிக்கே இடம் இருந்தது. ஆகவே இசைக்கலைஞர்கள் பழைய இசைத்தட்டுகளிலிருந்து ஒரு கிக் டிரம் அடி, ஒரு ஸ்நேர் டிரம் அடி, பியானோவின் ஒரு சிறு கீற்று என வெட்டியெடுத்து, ஒவ்வொரு பேடிலும் ஒன்றாக வைத்து வாசித்தார்கள். ஹிப்-ஹாப் இசையின் கட்டமைப்பே இந்த வழக்கத்தின் மேல் வளர்ந்தது.

எம்பிசியின் ஸ்விங் அமைப்பைத் தமிழ் வாசகர்கள் நடை வேறுபாட்டின் வழியாக எளிதில் புரிந்துகொள்ளலாம். ஸ்விங் 50 சதவீதத்தில் இருந்தால் அடிகள் சமதூரத்தில் விழும், அது சதுஸ்ரம். ஏறத்தாழ 66 சதவீதத்துக்கு உயர்த்தினால் ஒவ்வோர் இணையிலும் இரண்டாவது அடி தாமதமாகித் திஸ்ரத்தின் அளவுக்கு வந்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே 54, 58, 62 என்று நிறுத்தும்போது பிறக்கும் அசைவு இரண்டு நடைகளிலும் சேராதது. எம்பிசியில் செய்த தாளங்களை ஆடத் தூண்டுபவையாக ஆக்கியதில் இந்த இடைவெளிக்குப் பெரும் பங்குண்டு.

கலிஃபோர்னியாவின் டிஜே ஷேடோ 1996-இல் வெளியிட்ட "எண்ட்ரோடியூசிங்" ஆல்பம் எம்பிசி60-ஐ மையமாகக் கொண்டு உருவானது. முற்றிலும் சாம்பிள்களால் ஆன முதல் ஆல்பம் என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது. டெட்ராய்ட்டைச் சேர்ந்த இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லா, 1994-இல் வந்த எம்பிசி3000-இல் பல இடங்களில் குவாண்டைஸை அணைத்துவிட்டு, தன் விரல் விழுந்த இடத்திலேயே அடியை நிறுத்தினார். ஸ்நேர் ஒரு மயிரிழை முந்தும், கிக் சற்றுப் பிந்தும். அந்தத் தளர்வைப் பின்னாளில் டிரம் கலைஞர்கள் உட்கார்ந்து கையால் வாசிக்கப் பழகினார்கள். 2006-இல் அவர் மறைந்தார். அவருடைய எம்பிசி இன்று வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒலியிலிருந்து பிரிந்த பேட்

பேடும் ஒலியும் வெவ்வேறு பெட்டிகளில் இருக்க முடியும் என்ற நிலையை 1983-இல் நடைமுறைக்கு வந்த மிடி ஏற்படுத்தியது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய இந்தப் பொது நெறிமுறை, எந்த நிறுவனத்தின் கருவியும் மற்றொன்றோடு பேச வழிசெய்தது. இருவருக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடியில் ஓர் அடி என்பது மூன்று பைட் செய்தி: எந்தச் சேனலில் அடி தொடங்கியது, எந்தச் சுர எண், எவ்வளவு வலு. வலு 0 முதல் 127 வரையான எண்ணாகப் பதிவாகும். பழைய மிடி கேபிளில் இந்தச் செய்தி போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகும். 1991-இல் வந்த பொது மிடி வரையறை டிரம் ஒலிகளுக்கும் எண் கொடுத்தது. 36 கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹேட், 46 திறந்த ஹை-ஹேட் என்ற அந்த வரிசை இன்றைய மென்பொருள்களிலும் தொடர்கிறது.

மிடி நெறிமுறையைப் பயன்படுத்தி, சொந்த ஒலியே இல்லாத ஒரு பேட் கருவியை ரோலண்ட் 1985-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எட்டுப் பேட்கள் கொண்ட ஆக்டாபேட் அது. குச்சியால் தட்டினால், இணைத்திருக்கும் வேறொரு சாம்பிளரோ டிரம் மெஷினோ ஒலிக்கும். பின்னாள் ஆக்டாபேட்களில் ஒலிகளும் சேர்க்கப்பட்டன.

தமிழ்நாட்டில் பேட் என்ற கருவி பரவலாகத் தெரியவந்தது இந்த ஆக்டாபேட் வழியாகத்தான். கல்யாணக் கச்சேரிகளிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் பாடும் மெல்லிசைக் குழுக்களில் "பேட்" வாசிப்பவர் என்று ஒருவர் தனியாக இருப்பார். டோலக், தபேலா, டிரம்ஸ் எனத் திரைப்பாடலில் பல கலைஞர்கள் வாசித்ததை நின்றபடியே ஒரே ஆள் மேடையில் கொண்டுவந்துவிடுவார். எந்தப் பாட்டுக்கு எந்த ஒலித்தொகுப்பு என்பதை முன்கூட்டியே அமைத்து, பல்லவி முடிந்து இடையிசை தொடங்கும் கணத்தில் மாற்றிக்கொள்வது இவர்களுடைய தேர்ச்சி. மென்பொருளோடு பேட் வாசிப்பவரும் இதே திறமையைத்தான் வளர்த்துக்கொள்கிறார்.

கணினி மேசைக்கு

சீக்வென்சரைத் தொடர்ந்து, 1990-களின் பிற்பகுதியில் சாம்பிளரும் கணினிக்குள் மென்பொருளாக நுழைந்தது. விசைப்பலகையும் மவுஸும் கொண்டு தாளம் அமைக்க முடிந்தது. ஆனால் திரையில் புள்ளி புள்ளியாக வைத்த அடிகள் எல்லாம் ஒரே வலுவில், ஒரே நேர்கோட்டில் விழுந்தன. லின் 9000-க்கு முன்பிருந்த நிலைக்கே இசைக்கலைஞர் திரும்பியிருந்தார்.

யுஎஸ்பி வழி மிடிக்கான பொது வரையறை 1999-இல் வெளியானதும் வழி எளிதானது. எம்பிசியிலிருந்து பேட்களை மட்டும் பிரித்தெடுத்ததுபோல் அகாய் எம்பிடி16 வந்தது. 2005 வாக்கில் எம்-ஆடியோவின் ட்ரிகர் ஃபிங்கரும் கோர்கின் பேட்கன்ட்ரோலும் போட்டிக்கு வந்தன. எம்பிசி60-இன் விலை சுமார் 5,000 டாலர்; பேட்களை மட்டும் கொண்ட இக்கருவிகள் அதில் சிறு பங்குக்கே கிடைத்தன. வீட்டு அறையில் கணினி வைத்திருந்தவருக்கும் பேட் எட்டியது. 2009-இல் ஜெர்மனியின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், கருவியையும் மென்பொருளையும் ஒன்றுக்காகவே மற்றொன்று என்று வடிவமைத்து மஷீனை வெளியிட்டது.

64 கட்டங்கள்

இதே காலத்தில் வேறொரு கிளை முளைத்தது. பெர்லினில் கெர்ஹார்ட் பெலஸும் ராபர்ட் ஹென்கேயும் தங்கள் மேடை நிகழ்ச்சிகளின் தேவையிலிருந்து உருவாக்கிய ஏபிள்டன் லைவ் மென்பொருள், 2001-இல் வெளியானது. அதன் "செஷன்" திரையில் ஒவ்வொரு பத்தியும் ஒரு டிராக். ஒவ்வொரு கட்டமும் தனியாகத் தொடங்கி நிறுத்தக்கூடிய ஓர் இசைத்துண்டு. திரையே கட்டங்களாக இருந்ததால் கையில் பிடிக்கும் கருவியும் கட்டங்களாக வேண்டும் என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது.

பிரையன் கிராப்ட்ரீயும் கெல்லி கேனும் 2006-இல் மோனோம் என்ற கருவியைச் சிறு எண்ணிக்கையில் செய்து விற்றார்கள். 64 ஒளிரும் பொத்தான்கள், பெயரோ குறியோ எழுதப்படாத முகப்பு. பொத்தானை அழுத்துவதும் விளக்கு எரிவதும் ஒன்றோடொன்று கட்டப்படவில்லை. எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதை மென்பொருள் தீர்மானித்தது. லாஸ் ஏஞ்சலஸ் இசைக்கலைஞர் டெய்டலஸ் அதைப் பார்வையாளர் பக்கமாகச் சாய்த்து வைத்து வாசித்தார். கை செய்வது என்ன, ஒலிப்பது என்ன என்பதை அரங்கில் இருந்தவர்களும் கண்ணால் பார்த்தார்கள்.

2009-இல் இந்த வடிவம் பெருஞ்சந்தைக்கு வந்தது. ஏபிள்டனோடு சேர்ந்து அகாய் 40 துண்டுகளுக்கான பொத்தான்கள் கொண்ட ஏபிசி40-ஐயும், நோவேஷன் 64 பேட்கள் கொண்ட லாஞ்ச்பேடையும் வெளியிட்டன. முதல் லாஞ்ச்பேடுக்குத் தட்டும் வலு தெரியாது. தொடங்கு, நிறுத்து என்பதே அதன் வேலை. 2011-இல் பதினேழு வயதுப் பிரெஞ்சு இளைஞர் மேடியோன், 39 பாடல்களின் துண்டுகளை லாஞ்ச்பேடில் கோத்து வாசித்த "பாப் கல்ச்சர்" காணொளி உலகெங்கும் பரவியது. அதைப் பார்த்தே பேட் வாங்கிய தலைமுறை ஒன்று உண்டு. 2015-இல் வந்த லாஞ்ச்பேட் புரோ வலுவையும் அழுத்தத்தையும் உணரத் தொடங்கியது.

ஏபிள்டன் 2013-இல் வெளியிட்ட புஷ் இரண்டு கிளைகளையும் இணைத்தது. அதே 64 பேட்களில் தாளமும் வாசிக்கலாம், துண்டுகளையும் தொடங்கலாம், சுரமும் வாசிக்கலாம். சுர அமைப்பில் ஒரு வரிசை மேலே ஏறினால் ஸ-விலிருந்து ம-வுக்கு ஏறுவதுபோல் நான்காம் சுரத்துக்குப் போகும். ஸ்கேலைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதற்கு வெளியே உள்ள சுரங்களைக் கட்டங்களிலிருந்து நீக்கிவிடவும் முடியும்.

செயல்படும் விதம்

பேடின் அடியில் அழுத்தம் உணரும் மெல்லிய தகடு இருக்கும். அழுத்தம் கூடக் கூட அதன் மின்தடை குறையும். அந்த மாற்றம் எவ்வளவு விரைவாக, எவ்வளவு உயரத்துக்குப் போனது என்பதைக் கருவியின் சில்லு அளந்து, மிடி எண்ணாக மாற்றுகிறது. வாசிப்பவரின் கைக்கேற்ப இந்த மாற்றத்தைத் திருத்தலாம். மென்மையாகத் தட்டுபவர், அதே தட்டுக்குக் கூடுதல் எண் பதிவாகும்படி வலுக்கோட்டை உயர்த்திக்கொள்வார். ஒரே தட்டு இரண்டாகப் பதிவானால், பேட் உணரத் தொடங்கும் வரம்பை ஏற்றுவார். உணர்திறன் மந்தமான பழைய பேட்களின் அடியில் டேப் சுருளின் துண்டுகளை ஒட்டிச் சரிசெய்வது நெடுநாள் கைவைத்தியம்.

பதிவுக்கூடத்தில் வேலை ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் நடக்கிறது. கருவியை யுஎஸ்பியில் இணைத்து, மென்பொருளின் மிடி அமைப்பில் அதை உள்ளீடாகத் தேர்ந்தெடுத்து, டிரம் ஒலிகள் ஏற்றிய டிராக்கைப் பதிவுக்குத் தயாராக வைக்க வேண்டும். மெட்ரோனோமை ஓடவிட்டு, இரண்டு அல்லது நான்கு பார் நீளத்துக்கு ஒரு லூப் அமைத்து, முதல் சுற்றில் கிக்கும் ஸ்நேரும், அடுத்த சுற்றில் ஹை-ஹேட், பிறகு மற்றவை என்று அடுக்கடுக்காக வாசிப்பதே எளிது. பதிவானது ஒலியாக இல்லாமல் மிடிச் செய்தியாக இருப்பதால், வாசித்த பிறகும் ஸ்நேரை வேறொரு ஸ்நேராக மாற்றலாம், ஒற்றை அடியின் வலுவைக் குறைக்கலாம். குவாண்டைஸை முழு அளவில் போடாமல் 50 அல்லது 60 சதவீதத்தில் நிறுத்தினால், அடிகள் கோட்டின் பக்கம் நகரும். கைவாகும் ஓரளவு மிஞ்சும்.

விரலுக்கும் காதுக்கும் இடையிலான தாமதம் பேட் வாசிப்பின் பெரிய எதிரி. கணினி ஒலியைச் சிறு தொகுதிகளாகச் சேர்த்தே வெளியிடுகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில், தொகுதிக்கு 1,024 மாதிரிகள் வைத்தால் இந்த ஒரு கட்டத்திலேயே 23 மில்லிநொடி கழிந்துவிடும். தாளம் பிடிப்பவரின் கை உடனே தடுமாறும். 128 மாதிரிகளாகக் குறைத்தால் அது 3 மில்லிநொடிக்குள் வந்துவிடும், ஆனால் கணினிக்குச் சுமை கூடும். ஆகவே வாசிக்கும்போது சிறிய தொகுதி, கலவைக்கு உட்காரும்போது பெரிய தொகுதி என்று மாற்றிக்கொள்வது வழக்கம்.

இன்றைய நிலை

கணினியிடம் ஒலியை ஒப்படைத்த பேட், கடந்த சில ஆண்டுகளில் அதைத் திரும்பத் தன்னிடமே எடுத்துக்கொண்டு வருகிறது. 2017-இல் வந்த எம்பிசி லைவ், 2020-இன் மஷீன் பிளஸ், 2023-இல் வந்த புஷ் 3-இன் தனித்தியங்கும் வகை ஆகியவை கணினி இல்லாமலும் முழுப் பாடலை உருவாக்கும். தேவைப்பட்டால் கணினியோடு சேர்ந்து கன்ட்ரோலராகவும் இயங்கும். புஷ் 3-இன் பேட்கள் ஒவ்வொரு விரலின் பக்கவாட்டு அசைவையும் தனித்தனியே உணர்வதால், கமகம்போல ஒரு சுரத்தை அசைத்து இழுக்க முடிகிறது. ரோஜர் லின் தம் லின்ஸ்ட்ருமெண்ட் கருவியில் 200 கட்டங்களோடு இதே பாதையில் முன்பே இறங்கியிருந்தார்.

2020-இல் ஏற்கப்பட்ட மிடி 2.0, தட்டும் வலுவை 128 படிகளிலிருந்து 65,536 படிகளாக விரித்திருக்கிறது. புதிய நெறிமுறையை முழுமையாகப் பேசும் பேட்களும் மென்பொருள்களும் படிப்படியாக வந்துகொண்டிருக்கின்றன. அவை பரவலாகும்வரை பழைய 0 முதல் 127 வரையான எண்களிலேயே பெரும்பாலான பதிவுகள் நடக்கின்றன. பேட்களின் அமைப்பிலும் பழைய மரபு தொடர்கிறது: எம்பிசி லைவிலும் மஷீன் பிளஸிலும் இருப்பவை 1988-இன் எம்பிசி60-இல் இருந்த அதே 16 சதுரங்கள்.