சுவரைத் துடைத்த மாவு சிறார் கைக்கு வந்த வரலாறு



"வகுப்பில் மாவு பிசைந்து விளையாடுகிறார்களாமே, எழுத்தை எப்போது கற்றுக்கொடுப்பீர்கள்?" என்று பெற்றோர் சிலர் வினவுவதுண்டு. பிள்ளையின் மீதுள்ள அக்கறையால் எழும் வினாதான் அது. அம்மாவு வகுப்பறைக்குள் நுழைந்த வரலாற்றை அறிந்தால் அதற்கான விடையும் கிடைத்துவிடும்.

பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் ஃபுரோபல் என்னும் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். ஜெர்மனியரான இவர், 1837-ஆம் ஆண்டில் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கென ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார். 'குழந்தைகளின் தோட்டம்' என்பது அதன் பொருள். காகிதம் மடித்தல், பின்னுதல் ஆகியவற்றோடு களிமண்ணில் உருவம் செய்தலும் அவர் வழிவந்த பள்ளிகளில் இடம்பெற்றது. கை பழகினால் அறிவும் வளரும் என்பதே அவர்களின் கொள்கை.

ஆயினும் களிமண்ணுக்கு ஒரு குறை உண்டு. காய்ந்தால் வெடித்துவிடும், மறுநாள் அதே மண்ணில் வேலையைத் தொடர இயலாது. இங்கிலாந்தின் பாத் நகரில் கலை ஆசிரியராக இருந்த வில்லியம் ஹார்பட், தம் மாணவர்களுக்காக 1897-இல் காயாத களி ஒன்றை உருவாக்கினார். அதுதான் நாம் நன்கறிந்த பிளாஸ்டிசின். தொடக்கத்தில் அது சாம்பல் நிறத்தில் மட்டுமே இருந்தது. 1899-இல் காப்புரிமை பெற்று, 1900-இல் பாத்தாம்ப்டன் என்னும் சிற்றூரில் தொழிற்சாலை அமைத்தார். ஆனால், கலை மாணவர்களுக்கு ஏற்ற அக்களி நான்கு வயதுக் குழந்தையின் விரல்களுக்குச் சற்றே கடினமானது.

அக்கடினத்தைப் போக்கிய பொருள் முற்றிலும் வேறோர் இடத்திலிருந்து வந்தது. அமெரிக்க வீடுகளில் குளிர்காய நிலக்கரி எரித்த காலத்தில், சுவரில் ஒட்டிய அலங்காரத் தாள்களில் கரி படிந்துவிடும். அத்தாளை நீர்விட்டுக் கழுவ இயலாது. ஆகவே பிசைந்த மாவு போன்ற ஒரு பொருளை அதன்மீது உருட்டிக் கரியை ஒற்றியெடுப்பர். சின்சினாட்டி நகரின் கூட்டால் நிறுவனம் அத்தகைய மாவைத் தயாரித்து விற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மக்கள் எரிவாயுவுக்கு மாறினர். கழுவக்கூடிய வினைல் தாள்களும் வந்தன. மாவுக்குத் தேவை குறைந்து நிறுவனம் நலிவுற்றது.

அந்நிறுவனத்தின் ஜோசப் மெக்விக்கருக்கு உறவினர் கே சூஃபால் என்னும் பெண்மணி. நியூ ஜெர்சியில் பாலர் பள்ளி நடத்தி வந்தார். 1950-களின் நடுப்பகுதியில், சுவர் துடைக்கும் மாவைக் கொண்டு கைவினைப் பொருள்கள் செய்யலாம் என்று படித்தறிந்து, அதைத் தம் பள்ளிக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார். கடினமான களியில் திணறிய பிஞ்சு விரல்கள் அம்மாவில் விரும்பிய உருவங்களைச் செய்தன. அவர் அதை ஜோசப்பிடம் எடுத்துரைத்தார். மாவிலிருந்த சோப்புப் பொருள் நீக்கப்பட்டு, நிறமும் மணமும் சேர்க்கப்பட்டன. 'பிளே-டோ' என்ற பெயரைச் சொன்னவர்களும் சூஃபால் தம்பதியரே. 1956-இல் அது விற்பனைக்கு வந்தது. 1957-இல் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய நிறங்களும் சேர்ந்தன. நோவா மெக்விக்கர், ஜோசப் மெக்விக்கர் இருவருக்கும் 1965-இல் காப்புரிமை கிடைத்தது.

ஆசிரியப் பெருமக்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பொருளைக் கலை ஆசிரியர் ஒருவர் உருவாக்கினார். மற்றொன்றைப் பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் கண்டெடுத்தார். பிள்ளைகளின் கைகளைக் கூர்ந்து நோக்கியதே இருவருக்கும் வழிகாட்டியது. முதலாம் ஆண்டில் பென்சிலை அழுத்திப் பிடிக்க இயலாமல் சோரும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். 'ழ'கரத்தின் வளைவை எழுதும் முன்னர், அவ்விரல்களுக்கு வலு வேண்டும். உருட்டுதல், கிள்ளுதல், அழுத்துதல், திரித்தல் ஆகிய அனைத்தும் அதற்கான பயிற்சிகளே. மாவைத் திரித்து 'அ' செய்து பார்த்த பிள்ளைக்கு அவ்வெழுத்தின் வடிவம் கையிலேயே பதிந்துவிடுகிறது.

கடையில் வாங்க வசதியில்லையே என்று எப்பெற்றோரும் வருந்த வேண்டியதில்லை. கடை மாவின் அடிப்படையும் கோதுமை மாவு, உப்பு, நீர் ஆகியவைதாம். 2 குவளை கோதுமை மாவு, 1 குவளை உப்பு, 2 மேசைக்கரண்டி கிரீம் ஆஃப் டார்ட்டர், 2 மேசைக்கரண்டி சமையல் எண்ணெய், 2 குவளை நீர், சிறிது உணவு வண்ணம் ஆகியவற்றைச் சட்டியில் கலந்து, மிதமான தீயில் கிளறுங்கள். கலவை திரண்டு சட்டியில் ஒட்டாமல் வந்ததும் இறக்கி, ஆறிய பின் பிசையுங்கள். உப்பு பூஞ்சையைத் தடுக்கும். எண்ணெய் மென்மை தரும். வெப்பம் மாவின் ஒட்டும் தன்மையைக் குறைக்கும். நம் நாட்டின் ஈரக்காற்றில் மாவு பிசுபிசுத்தால் சிறிது உலர்மாவு தூவிப் பிசைந்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. உப்பு மிகுந்த இம்மாவைக் குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ உண்ணக் கூடாது. கோதுமை ஒவ்வாத பிள்ளைக்கு இதைத் தர வேண்டாம்.

மாலையில் அரை மணி நேரம் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அவன் விரல்கள் எங்கே தடுமாறுகின்றன என்று பாருங்கள். அதை வகுப்பாசிரியரிடமும் சொல்லுங்கள். எழுத்து தானே வரும்.