எட்டு கோரும் ஒரு உலையும்

2004 ஒக்டோபரில், ஒரு தொழில்நுட்ப மாநாட்டு மேடையில் இன்டெல் தலைவர் கிரெய்க் பாரெட் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். பகிடிதான். ஆனா காரணம் பகிடி இல்லை. வரும் வரும் எண்டு சொல்லிக்கொண்டிருந்த 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 புரொசசரை அப்பதான் கைவிட்டிருந்தார்கள்.

1993 இல் முதல் பென்டியத்தின் வேகம் 60 மெகாஹேர்ட்ஸ். 2004 முடியேக்க 3.8 கிகாஹேர்ட்ஸ். அந்தப் பத்துச் சொச்ச வருசமும் கேம் செய்தவர்களுக்குப் பொற்காலம். இண்டைக்கு இழுபடுற கேம் அடுத்த சிப்பில தானாவே ஓடும். பிறகு சூடு வழியை மறித்தது. வேகத்தைக் கூட்டக் கூட்ட சிப் அடுப்பு மாதிரிக் கொதித்தது. ஆகவே 2005 இல் இன்டெலும் ஏஎம்டியும் வேகத்துக்குப் பதிலாக இரண்டு கோர்களைத் தந்தன.

இதில் ஒரு சிக்கல். கலியாண வீட்டில் மரக்கறி வெட்டப் பத்துப் பேர் நிண்டால் வேலை கெதியா முடியும். ஆனா உலையில போட்ட அரிசி பத்துப் பேர் சுத்தி நிண்டாலும் வேகிற நேரத்துக்குத்தான் வேகும். ஜீன் அம்டால் 1967 இலேயே இதைக் கணக்காகச் சொல்லிவிட்டார். கேமிலும் அப்படி ஒரு உலை இருக்கு. நீங்கள் சுட்டது பட்டுதா எண்டு தெரிஞ்சாத்தான் எதிரி விழுவான், அவன் விழுந்தாத்தான் மற்றவன் ஓடுவான். ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. 2007 இல் வந்த கிரைசிஸ் பல வருசம் கழிச்சு வந்த கம்பியூட்டர்களிலயும் திணறினதுக்கு, வேலையின் பெரும்பாரம் ஒரே கோரில் விழுந்ததும் ஒரு காரணம்.

இதை மறந்ததால் ஏஎம்டி நல்லா அடி வாங்கினது 2011 இல். எஃப்எக்ஸ் 8150 பெட்டியில் எட்டு கோர் எண்டு போட்டிருந்தது. அதே வருசம் வந்த இன்டெல் ஐ5 2500கே க்கு நாலே நாலு. பெரும்பாலான கேம்களில் நாலுதான் முந்தியது. எட்டு எண்ட எண்ணிக்கையிலும் வில்லங்கம்: தசமக் கணக்குப் போடும் பகுதியை இரண்டிரண்டு கோர்கள் பங்குபோட்டன. வாங்கின சனம் அமெரிக்காவில் வழக்குப் போட, ஏஎம்டி 2019 இல் பிழையை ஒத்துக்கொள்ளாமலே 12.1 மில்லியன் டொலருக்குச் சமரசத்துக்கு வந்தது.

அப்ப கோர் எண்ணிக்கை சும்மா விளம்பரமா? அதுவும் இல்லை. 2013 இல் வந்த பிளேஸ்டேஷன் 4 இலும் எக்ஸ்பொக்ஸ் வன்னிலும் இருந்தவை ஏஎம்டியின் எட்டு கோர்கள். ஒவ்வொன்றும் நோஞ்சான், பிளேஸ்டேஷனில் 1.6 கிகாஹேர்ட்ஸ்தான். வேற வழியில்லாமல் கேம் செய்பவர்கள் வேலையைப் பிரிக்கப் பழகினார்கள். அதுக்குப் பிறகு வந்த பெரிய கேம்களில் பழைய நாலு கோர்கள் மூச்சுவாங்கத் தொடங்கின.

பிறகும் உலை உலைதான். 2022 இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி க்கு எட்டு கோர். ஏஎம்டியின் சொந்தப் பதினாறு கோர் 5950எக்ஸை விட அதன் உச்ச வேகமும் குறைவு. இருந்தும் கன கேம்களில் அதை முந்தினது, 96 மெகாபைட் கேஷ் இருந்ததால். சமைக்கிறவர் உப்புக்கும் புளிக்கும் ஒவ்வொரு தரமும் கடைக்கு ஓடவேண்டியதில்லை, கைக்குப் பக்கத்திலேயே இருக்கு.