விற்பனைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள்



கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பிரதான வீதியில், பாண்டிருப்பைத் தாண்டி மருதமுனைக்குள் நுழைவதற்கு முன்னால், வேலியோரப் பூவரச மரத்தின் கீழ் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. றோயல் என்பீல்ட் புல்லட். ஹெண்டிலில் ஓர் அட்டை கட்டியிருந்தார்கள். ‘விற்பனைக்கு’ என்ற ஒற்றைச் சொல்தான் அதில் இருந்தது.

மருதமுனைப் பக்கமிருந்து வந்த பெரியவர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து என்ஜின் இலக்கத்தைத் துடைத்து வாசித்தார். வீட்டுக்கார இளைஞன் வெளியே வந்தான்.

“என்ன காக்கா, இரும்பு விலைக்குக் கேக்கப் போறீங்களா?”

“இல்ல தம்பி. இதுட கதையையும் சேர்த்துத் தாங்க. விலைய நீங்களே சொல்லுங்க.”

“கதை எனக்குத் தெரியாதே காக்கா. அது அப்பாக்குத்தான் தெரியும். அவர் இப்ப இல்ல.”

ஒரு பழைய இயந்திரத்தின் மதிப்பு எதில் இருக்கிறது என்ற கேள்வி அந்தச் சிறு உரையாடலில் அடங்கிவிட்டது. அதற்கு விடை தேட நாம் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

இங்கிலாந்தின் ரெடிச் என்ற சிறு நகரம் ஒரு காலத்தில் தையல் ஊசிகளுக்குப் பெயர்போனது. அங்கே 1901ஆம் ஆண்டு றோயல் என்பீல்டின் முதலாவது மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. ‘புல்லட்’ என்ற பெயர் 1932இல் சூட்டப்பட்டது. இன்று நாம் காணும் புல்லட்டின் தாய் வடிவம் 1949இல் சந்தைக்கு வந்தது. இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டியாக அதைத் தெரிவு செய்தது. அதன் விளைவாக 1955இல் சென்னையில் என்பீல்ட் இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்களைத் தருவித்துப் பூட்டினார்கள். பின்னர் அச்சுகளையும் கருவிகளையும் வாங்கிப் பாகங்களையும் அங்கேயே வார்க்கத் தொடங்கினார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விந்தை. 1967இல் ரெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது. தாய்வீடு பூட்டப்பட்டபின்னும் பிள்ளை திருவொற்றியூரில் வளர்ந்தது. 1977இல் அந்தப் பிள்ளை தாய்நாட்டுக்கே ஏற்றுமதியாகிப் போனது. ஆங்கிலேயர் கைவிட்ட ஒன்றைத் தமிழ்நாட்டுத் தொழிலாளர் காப்பாற்றி, ஆங்கிலேயருக்கே விற்றார்கள் என்பது இருபதாம் நூற்றாண்டுத் தொழில் வரலாற்றில் மறக்கமுடியாத ஒரு பக்கம்.

அப்படி அதில் என்ன கவர்ச்சி? முதலாவது, அதன் ஓசை. 350 சீ.சீ. புல்லட்டில் ஒரே ஒரு சிலிண்டர். அதன் விட்டம் 70 மில்லிமீற்றர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீற்றர். நீண்ட தூரம் ஏறி இறங்குவதாலும் பாரமான சுழற்சிச் சில்லு இருப்பதாலும் என்ஜின் ஆறுதலாகவே சுற்றும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். அந்த இடைவெளிதான் நம் காதுக்குத் தாளமாகக் கேட்கிறது. புதிய வண்டிகள் இரைகின்றன. புல்லட் பேசுகிறது என்பார்கள் பழையவர்கள்.

இரண்டாவது, அது கேட்கும் பொறுமை. பழைய புல்லட்டைக் காலால் ஓங்கி உதைத்தால் அது திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கியவர்கள் நம்மூரிலும் உண்டு. முதலில் கிக்கரை மெல்ல அழுத்தி அம்மீற்றர் முள் நடுவுக்கு வரும் இடத்தைப் பார்க்கவேண்டும். பிறகு அழுத்தத்தை விடுவிக்கும் சிறு நெம்பைப் பிடித்துப் பிஸ்டனைச் சற்றே தாண்டவிட்டு, அதன்பின் ஒரே உதை. கியர் வலது காலில், பிறேக் இடது காலில். மகனுக்குத் தகப்பன் அருகில் நின்று காட்டிக்கொடுக்கவேண்டிய வித்தை இது.

என்பீல்ட் மட்டுமல்ல. பேர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்தவர்கள் தொடங்கிய பி.எஸ்.ஏ., நோர்ட்டன், ட்ரையம்ப் ஆகியனவும் குடியேற்ற நாடுகளின் தெருக்களில் ஓடின. 1952இல் இளைஞரான சே குவேரா தென்னமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டது பழைய நோர்ட்டன் ஒன்றில்தான். அந்தப் பெருமையில் மயங்கி ஆங்கில நிறுவனங்கள் காலத்தைக் கவனிக்கத் தவறின. ஜப்பானில் 1958இல் ஹொண்டா ‘சுப்பர் கப்’ என்ற சிறிய வண்டியைச் செய்தது. கிளச் பிடிக்கத் தேவையில்லை. உணவு கொண்டுபோகும் பையன் ஒரு கையாலேயே ஓட்டலாம். 1969இல் அதே நிறுவனம் நான்கு சிலிண்டரும் மின்சார ஸ்டார்ட்டரும் கொண்ட சீ.பி. 750ஐ இறக்கியது. ஆங்கில வண்டியின் கீழே எண்ணெய் சொட்டிக்கொண்டிருக்க, ஜப்பானிய வண்டியின் கீழே நிலம் காய்ந்திருந்தது. பி.எஸ்.ஏ. 1973இல் வேறு நிறுவனத்துக்குள் கரைந்தது. ட்ரையம்ப்பின் பழைய மெரிடன் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டது. 2020இல் நோர்ட்டனையே தமிழ்நாட்டின் டி.வி.எஸ். நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது!

நமது நாட்டுக்கு வருவோம். 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதிய வண்டி என்பது கனவு. இருந்ததைப் பழுதுபார்த்து ஓட்டினார்கள். கிடைக்காத உதிரிப்பாகத்தைக் கடைச்சல் பட்டறையில் கடைந்து பூட்டினார்கள். நமது மெக்கானிக்மாரின் கைத்திறன் அந்தப் பஞ்சத்தில் தீட்டப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. ஜப்பானின் தபாற்காரருக்கென்று செய்யப்பட்ட சிவப்பு எம்.டி. 90கூட நம் வயல் வரம்புகளில் நெல்மூட்டை சுமந்தது. அன்று பழசு என்று ஒதுக்கப்பட்ட ஆங்கில வண்டிகள் மாட்டுக் கொட்டிலுக்குள் போயின.

பழைய வண்டியின் இலக்கத் தகடும் ஒரு சரித்திர ஏடுதான்.  1957ஆம் ஆண்டு இலக்கத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து புகுத்தப்பட்டதும், அதை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளில் இயக்கம் எழுந்ததும், அடுத்த ஆண்டு கலவரம் வெடித்ததும் நாம் அறிந்தவை. ஒரு தகரத் துண்டில் ஒரு தேசத்தின் காயம் எழுதப்பட்டிருக்கிறது.

பிறகு யுத்தம். இடம்பெயர்ந்தவர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடமுடியுமா? 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் வீடுகளோடு மனிதர்களையே வாரிக்கொண்டு போன அந்த நாளில் வண்டியைப் பற்றி யார் நினைத்தார்? ஆனால் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த ஒரு பெற்றோல் டாங்கியை, இறந்தவரின் கை பட்ட பொருள் என்று துடைத்து வைத்த வீடுகளை எண்ணிப்பாருங்கள். பழம்பொருள் ஆர்வம் என்பது பணக்காரர் பொழுதுபோக்கு மட்டுமன்று என்பது அப்போது விளங்கும்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் மீண்டும் கதவு திறந்தது. இடையில், 2022இல், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கிடப்பட்டதும் நினைவிருக்கும். இக்காலத்தில் பழைய வண்டிகளுக்குக் கிராக்கி கூடியது. கிராக்கி கூடினால் மோசடியும் கூடும். வாங்குவோர் என்ஜின் இலக்கமும் செஸி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கவேண்டும். இலக்கம் அராவப்பட்டிருந்தால் விலகிவிடுங்கள். கடற்கரை வண்டியில் பூச்சுக்குக் கீழே உப்புத் துரு தின்றிருக்கும். சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். விற்போருக்கும் ஒரு வார்த்தை: பளபளப்பு ஏற்றுவதற்காக மூலப் பாகங்களைக் கழற்றி எறியாதீர்கள். புதிய பூச்சு எங்கும் கிடைக்கும். பழைய கீறல் கிடைக்காது.

பூவரச மரத்தடிக்குத் திரும்புவோம். அந்தப் பெரியவர் உடனே போய்விடவில்லை.

“உம்மா, சாச்சா, பக்கத்து வீட்டார் யாரும் இருப்பாங்கதானே தம்பி? கேட்டு ஒரு கொப்பியில எழுதி வையுங்க. எந்த வருசம் வாங்கின, யாரிட்ட வாங்கின, எங்கெங்க போன. நான் வெள்ளிக்கிழம வாறன்.”

இளைஞன் தலையசைத்தான். பெரியவர் போனபின் அந்த அட்டையைக் கழற்றி, அதன் பின்புறம் எதையோ எழுதத் தொடங்கினான்.

நேயர்களே, உங்கள் வீட்டுக் கொட்டிலிலும் ஒரு பழைய வண்டி சாக்கு மூடிக் கிடக்கலாம். விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் இரும்பை எடைபோட்டுக் கொடுக்குமுன் அதன் கதையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரும்பை மீண்டும் வார்க்கலாம்; சொல்லாமல் போன கதையை வார்க்க எந்தப் பட்டறையிலும் அச்சு இல்லை.